கறுத்த திரையில் நிறம் காட்டிய ஸ்கேல்

என் பிரியமான மச்சானுக்கு,

இன்றைக்கு இதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நீ எடுத்த படங்கள் எங்கள் பள்ளிக்கூடத்தையே கிளப்பிவிட்டன, மச்சான்!

இந்த வருடம் பிளஸ் ஒன் சயின்ஸ் குரூப்பில் சேர ஆளே இல்லை. "புள்ளைங்க வரலைன்னா குரூப்பை மூடிட வேண்டியதுதான் சார்" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். உன் வீட்டுக்குப் போய் என் தங்கை சுமதியிடம் புலம்பினேன். உன் பெண்டாட்டியைத்தான் உனக்குத் தெரியுமே! எழுந்துபோய் உன் படங்களின் கட்டையும் கேமராப் பையையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "ஊட்ல சும்மாத்தானே கீது. எடுத்துனு போ. புள்ளைங்களாவது பாக்கட்டும்" என்றாள்.

அம்பத்தூர் சோதனைக்கூடத்தில் உடைந்த இயந்திரப் பாகங்களைப் படமெடுத்த கை உன் கை. வீட்டிலும் அது சும்மா இருந்ததா? பள்ளி வராந்தாவில் எல்லாவற்றையும் ஒட்டினேன். நிறமே இல்லாத சாதாரண பிளாஸ்டிக் ஸ்கேல் கறுப்புப் பின்னணியில் வானவில் நிறங்களோடு மின்னுகிற படம் இருக்கிறதே, அதற்கு முன்னால்தான் கூட்டம்.

தனலட்சுமி என்றொரு பெண். வெள்ளானூரிலிருந்து வருகிறாள், காமர்ஸ்தான் என்று முடிவு செய்திருந்தவள். படத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா சார், எடிட்டிங்ல கலர் அட்ச்சு உட்டுகீறீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? என் வகுப்பில் இப்படி ஒருத்தர் சந்தேகப்பட்டு எத்தனை காலமாயிற்று!

"உன் ஸ்கேலை எடு" என்றேன்.

பள்ளிக் கம்ப்யூட்டரை வராந்தாவுக்குக் கொண்டுவந்து அதன் திரையை வெள்ளையாக்கினேன். உன் கேமராவில் மாட்டுகிற, ஒளியை ஒரு திசையில் மட்டும் அதிரவிடும் போலரைஸர் கண்ணாடியை என் போன் கேமராவுக்கு முன்னால் பிடித்து, போனை அவள் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மெல்லத் திருப்பினேன். போனில் தெரிந்த வெள்ளைத் திரை கறுத்தது. கண்ணாடியையும் அப்படியே அவளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, திரைக்கும் போனுக்கும் நடுவில் அவளுடைய ஸ்கேலை நீட்டினேன்.

"ஐயோ! கலர் வருது சார்! என்னோட ஸ்கேலு சார்!"

ஸ்கேலை வளைத்தேன். நிறங்கள் ஓடின. ஓரத்தில் சின்ன வெட்டு ஒன்று இருந்தது. அங்கே மட்டும் நிறங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவள் அந்த வெட்டையே உற்றுப் பார்த்தாள்.

"சார், இங்கதான் ரொம்ப அழுத்துதா? இங்கதான் ஒடையுமா?"

இன்னும் வளைத்தேன். படக்! அவள் சொன்ன இடத்திலேயே உடைந்தது. மச்சான், அந்த வராந்தாவில் எழுந்த கூச்சல் உனக்குக் கேட்டிருக்க வேண்டும். ஆளுக்கொரு ஸ்கேல், பேனா மூடி, தண்ணீர் பாட்டில் என்று வரிசை கட்டிவிட்டார்கள். முதன்முதலில் அந்த நிறங்களைப் பார்த்த அன்று நீயும் இப்படித்தான் குதித்தாயா? யாரைக் கூப்பிட்டுக் காட்டினாய்?

மறுநாள் தனத்தின் அம்மா வந்தார். "சயின்ஸு கியின்ஸுன்னு ஆசை காட்டாதீங்க சார். ட்யூஷன் அது இதுன்னு எங்களால முடியாது" என்றார்.

"ட்யூஷன் வேண்டாம்மா. சாயங்காலம் நானே சொல்லித் தருகிறேன்" என்றேன். அவர் நம்பவில்லை. தனம் குறுக்கே புகுந்து, அம்மாவின் பையிலிருந்த டிபன் டப்பாவின் தெளிவான பிளாஸ்டிக் மூடியைத் திரைக்கு முன்னால் நீட்டினாள். போனில் மூடி முழுக்க நிறம். அந்த அம்மா குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. கடைசியில் மகளைப் பார்த்து, "இதுக்கு இன்னா காரணம்னு எனக்குச் சொல்லுவியா?" என்று கேட்டார்.

"படிச்சிட்டுச் சொல்றேம்மா."

"அப்ப படி."

தனம் தனியாக வரவில்லை, மச்சான். தோழிகளையும் இழுத்துக்கொண்டு வந்தாள். குரூப் பிழைத்துவிட்டது! சுமதிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அவரு உசுரோட இருந்திருந்தா இந்நேரம் ஸ்கூலுக்கே வந்து நின்னுருப்பாரு" என்று சிரித்தாள்.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி என் வகுப்பில் "இது பொய் சார்" என்று எழுந்து நிற்கிற எந்தப் பிள்ளையையும் உட்காரச் சொல்ல மாட்டேன். கையில் கேமராவைக் கொடுப்பேன்.

உன் சுமதிக்கு அண்ணனும்
உனக்கு என்றைக்கும் மச்சானுமான,
ரவி