இறக்கைக்கு இரண்டு பேர்

மார்ச் 4
முன்னிறக்கை முடிந்தது. வீட்டு ஷெட்டில் நான் கட்டுகிற விமானத்துக்கு மூக்கருகே சின்ன இறக்கை, பின்னால் பெரிய இறக்கை, வால் கிடையாது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஏதோ பின்பக்கமாகப் பறக்கப்போகிற மாதிரி இருக்கும். மனைவி அதற்கு வைத்த பெயர் வாத்து. "இந்த வாத்தோடயே குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். மூன்று தெரு தள்ளித்தான். போய் ஒரு வருடம் ஆகிறது. வாத்து பேசாது, அது ஒன்றுதான் குறை.

மார்ச் 9
லிஃப்ட் ரிப்பேர் வேலையில் இன்று என்னோடு பேசியது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒருவர் மட்டும். அதுவும் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

மார்ச் 15
எல்லாம் பாழ். வலது இறக்கையின் நுரைப்பலகைமேல் கண்ணாடியிழைத் துணி ஒட்டும் நாள். ஒருவர் பிசினை அதை இறுக்கும் திரவத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தர, மற்றவர் தடவிக்கொண்டே போக வேண்டும். தனியாகவே முடித்துவிடலாம் என்ற கொழுப்பு எனக்கு. நடுவில் கலக்க நேரமிருக்காதே என்று மொத்தத்தையும் ஒரே வாளியில் கலந்தேன். நிறையக் கலந்தால் சூடேறும் என்று தெரியாதா? பாதி தடவுவதற்குள் வாளி புகைந்து கல்லாகிவிட்டது. யாரைக் கூப்பிடுவேன் — யார் இருக்காங்க எனக்கு? ஷெட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 16
அவளுக்குப் போன் செய்யவில்லை.

மார்ச் 17
செய்தேன். "பேசறதுக்கு இல்ல, பிசின் கலக்கணும்" என்றேன். "பழைய துணி போட்டுட்டு வரணுமா?" என்று கேட்டாள்.

மார்ச் 23
வாரம் முழுக்கச் சுரண்டி இறக்கையைச் சுத்தம் செய்திருந்தேன். வந்தாள். போட்டிருந்தது என் பழைய சட்டை. அதை எடுத்துப் போயிருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. சின்னக் கோப்பைகளில் கலந்து தந்தாள், நான் தடவினேன். "கலக்கு." "போதும்." "இங்க குமிழ் இருக்கு பாருங்க." அவ்வளவுதான் பேச்சு. சாயங்காலத்துக்குள் முடிந்தது, பளபளவென்று. டீ குடிச்சிட்டுப் போ என்று சொல்ல வாயெடுத்து, "கையுறைய அந்த டப்பால போடு" என்றேன். மடையன். போய்விட்டாள்.

ஏப்ரல் 6
இடது இறக்கைக்குத் துணி வெட்டியாயிற்று. கூப்பிடவில்லை. அதையும் ஒட்டிவிட்டால், அப்புறம் அவளைக் கூப்பிட என்ன சாக்கு இருக்கிறது?

ஏப்ரல் 13
அவளே கூப்பிட்டாள். "இடது றெக்கை என்னாச்சு?"
காற்றில் ஈரம் ஜாஸ்தி, பிசின் இறுகாது என்று புளுகினேன்.
"இங்க கொடியில துணியெல்லாம் மொறமொறன்னு காஞ்சு கெடக்கே" என்றாள்.
மூன்று தெரு தள்ளி மட்டும் வெயில் என்றா சொல்ல முடியும்?
"சரி, நாளைக்கு வரேன்" என்றாள். "வேலை இல்லன்னாலும் பரவால்ல."