இடுப்பில் சொருகிய வெற்றிலை

என் வாய்க்கும் வம்புக்கும் துணையாயிருந்த பூமணி மச்சாளுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் முப்பத்தோராம் நாள் படையலில் சோறும் இறால் பொரியலும் வைத்து, பக்கத்தில் உன் பித்தளை வட்டாத் தட்டில் வெற்றிலை பாக்கையும் வைத்தோம். நீ வந்து சாப்பிட வேண்டும் என்று அறைக்கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம். கதவைத் திறந்தால் வட்டாவில் ஒரு வெற்றிலை குறைவு. "அம்மா வந்து எடுத்துட்டா!" என்று உன் மகள் ஜெயந்தி அழுதாள். வந்திருந்த சனமெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன், வாயை மட்டும் திறக்கவில்லை. படையலை வைத்துவிட்டுக் கடைசியாக வெளியே வந்தவள் நான்தான் மச்சாள். உன் வெற்றிலை என் கன்னத்துக்குள் இருந்தது.

உன் ஆண்டுத் திவசத்துக்கு ஜெயந்தி நினைவு மலர் அடிக்கிறாள். "மாமி, நீங்களும் ஒரு பக்கம் எழுதுங்க" என்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளிடம் கேட்டால் இப்படித்தான் வரும். இதைப் படித்ததும் விளக்குமாறோடு வருவாள். வரட்டும்.

உன் வாய்ப்புண்ணைக் காட்டப் போன அன்று, துணைக்கு வந்த என் வாயையும் டொக்டர் திறந்து பார்த்தார், நினைவிருக்கிறதா? கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு படை. "இப்ப வெத்திலையை விட்டா மாறும் அம்மா. விடாட்டி இவவுக்கு வந்ததுதான் உங்களுக்கும்" என்றார். வெளியே வந்து ஆசுபத்திரி வாசல் மரவாங்கில் குந்தினோம். நீ என் கையைப் பிடித்தாய். "ரெண்டு பேரும் விடுவம்கா மச்சாள்" என்றாய். "ஓம்கா" என்றேன்.

நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். உனக்கென்ன, கொஞ்சக் காலத்தில் போய்விட்டாய். சாகும்வரை தொடாதவள் என்ற பெயர் லேசாகக் கிடைத்துவிட்டது. இருக்கிறவள் பாட்டை யோசித்தாயா?

தொடக்கத்தில் பயம் நன்றாக வேலை செய்தது. வெற்றிலைக் கடைப் பக்கமே போகமாட்டேன். பிறகு அந்தப் பயமும் ஆறிப்போய்விட்டது. பயம் என்ன ஊறுகாயா, போட்டு வைத்தால் கெடாமல் கிடக்க? உன் படையலில் கை வைத்ததும் அப்போதுதான்.

அதற்கு மேல் நம் ஊர் வட்டா. எந்த வீட்டுப் படி ஏறினாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறார்கள். எடுக்காவிட்டால் கோபம். செல்லம்மா வீட்டில் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். "என்னகா தவமணி, எங்கட வெத்திலைக்குள்ள பாம்பா கிடக்கு?" என்று கேட்டுவிட்டாள். அவள் முகத்துக்காக ஒன்று சப்பினேன். அடுத்த வீட்டில் அவர்கள் முகத்துக்காக இன்னொன்று. ஊரில் எத்தனை முகம் மச்சாள்! என் மனுசன், உன் அண்ணன், வீட்டு வட்டாவை எட்டிப் பார்த்துவிட்டு, "நீ விட்ட பிறகுதான் புள்ள, நம்மட வட்டா கெதியாக் காலியாகுது" என்றார்.

பிறகு ஒரு சாமத்தியச் சடங்கு. வெற்றிலையைக் கையில் வாங்கினேனோ இல்லையோ, பந்தியில் பரிமாற ஆள் காணாது என்று கூப்பிட்டுவிட்டார்கள். இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடியவள் அதை மறந்தே போனேன். வீட்டுக்கு வந்து வாசல் படலையைத் திறக்கிறேன், நம் வெள்ளாட்டுக் கிடாய் சேலையோடு சேர்த்து அந்த வெற்றிலையை இழுத்துத் தின்கிறது. அப்போதுதான் எனக்கு வெளித்தது. வட்டா நீட்டுகிறவர்களுக்கு நான் எடுத்தால் போதும். சப்பினேனா என்று ஒருவரும் என் வாய்க்குள் எட்டிப் பார்க்கவில்லையே!

அன்று தொடங்கியது. இரண்டு கையாலும் மரியாதையாக வாங்குவேன், இடுப்பில் சொருகுவேன், பாக்கைக் குப்பையில் போட்டு வெற்றிலையைக் கிடாய்க்குக் கொடுப்பேன். இப்போது நான் வெளியே போய் வந்தால் அது படலையடியில் நிற்கிறது. வெறும் இடுப்போடு வந்தால் முட்டுகிறது.

ஆசை போய்விட்டது என்று நினைக்காதே. மாரியில் வாவி பெருத்து, உன் அண்ணன் தோணியைக் கரையில் கவிழ்த்துவிட்டு வீட்டில் கிடப்பார். மழை நிற்காது. அந்த நேரத்தில் வாய் கெஞ்சும் பார், சொல்ல முடியாது. ஆசுபத்திரி வாசலில் இருந்த வீராப்பு ஒரு சொட்டும் மிச்சமில்லை. "விடத்தான் வேணும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நான் எழும்பியதும் இல்லை. வெற்றிலை கைக்கு வந்தால் கை தன்பாட்டில் இடுப்புக்குப் போகிறது. அவ்வளவுதான் மச்சாள். உனக்கும் கடைசிவரை ஆசை இருந்ததா? இதை உன்னிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை.

உன் அண்ணனின் வட்டாவைச் சில காலமாக வீட்டில் காணவில்லை. கேட்டேன். "தோணிக்குள்ள கிடக்கு" என்றார். "ஏனாம்?" என்றேன். "மீனுக்கும் மரியாதை குடுக்க வேணாமா?" என்றார். எனக்கு முன்னால் அவர் சப்புவதே இல்லை. உங்கள் குடும்பத்தில் ஒருவருக்காவது நேராகப் பதில் சொல்லத் தெரியுமா?

திவசத்துக்கு உன் வட்டாவை இந்த முறையும் நான்தான் வைப்பேன். ஒரு வெற்றிலையும் குறையாது. அது உனக்கு என் வாக்கு. குறைந்தால் நீதான் எடுத்தாய் என்று நான் நம்பிக்கொள்வேன்.

போன கிழமை கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் லைட் அடித்து இரண்டு கன்னத்தையும் பார்த்தார். வெள்ளை முழுக்க மாறிவிட்டதாம். அவருக்கும் சந்தோசம். என்னை வாசலுக்குக் கூட்டிவந்து, வாங்கில் இருந்தவர்களிடம், "இந்த அம்மாவைப் பாருங்க, வெத்திலையை அடியோட விட்டிருக்கிறா. எப்பிடி விட்டவ எண்டு அவவே சொல்லுவா" என்றார். நான் முன்னுக்கு வந்து, சேலையை இழுத்துச் சரிசெய்தேன். வருகிற வழியில் செல்லம்மா வீட்டில் ஏறியிருந்தேன். நாலு வெற்றிலையும் ஒரு பாக்கும் டொக்டரின் காலடியில், சப்பாத்தின் மேல் விழுந்தன. டொக்டர் அவற்றைப் பார்த்தார். "ஆட்டுக்கு" என்றேன். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.

உன் பங்கையும் சேர்த்து இடுப்பில் சொருகித் திரியும்
உன் அண்ணன் பெண்சாதி,
தவமணி மச்சாள்