யோகராணிக்கு ஒரு புரொக்சி

பென்டில் ஹில், சிட்னி
3.2.1979

அன்பான யோகா,

நீயும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதத் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். வெயில்தான் வாட்டி எடுக்கிறது. இந்தத் தை மாதத்தில் நீங்கள் அங்கே விடியற்காலையில் போர்வை தேடுவீர்கள். நாங்கள் வீட்டுக்குள் இருக்க முடியாமல் பின்வளவில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறோம்.

எங்கள் பேராதனை வகுப்பு ஆட்களின் ஒன்றுகூடலுக்குச் சில நாள் முன்னர் உன் கடிதம் கிடைத்தது. அதை வாசித்ததும் வந்த கோபத்தில் அன்றைக்குச் சோறு அடிப்பிடித்துவிட்டது. "நீங்கள் எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள். நான் பாதியில் விட்டுவிட்டுப் போனவள். என்னை உங்கள் ஆட்களில் ஒருத்தியாகக் கணக்கெடுக்க வேண்டாம். பெயர் கூப்பிடும்போது என் பெயரை வெட்டிவிடச் சொல்லு" என்று எழுதியிருந்தாய். வேறு யாரும் இப்படி எழுதியிருந்தால் கிழித்துக் குப்பையில் போட்டிருப்பேன். உன் கையெழுத்தைப் பார்த்துப் பொறுத்துக்கொண்டேன்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடமும் உன்னோடு ஒரே அறையில் இருந்தவள் நான். கடைசிப் பரீட்சை நெருங்கிய நேரத்தில் ஐயா பாரிசவாதத்தில் விழுந்தார் என்று தந்தி வந்ததும், நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் பெட்டி அடுக்கியதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அதன் பிறகு தம்பிமார் இருவரையும் படிப்பித்து ஆளாக்கினாய். ஐயாவைக் கடைசி வரைக்கும் கைக்குள் வைத்துப் பார்த்தாய். ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுத்து எத்தனை பேரை என்ஜினியராக்கிவிட்டாய். இத்தனையும் செய்தவள் தன்னைப் பாதியில் விட்டவள் என்கிறாள். எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

என் அம்மாவைப் போய்ப் பார்த்ததற்கு நன்றி. முழங்கால் நோவுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். அவர் அதைப் பூசாமல் அலுமாரிக்குள் பூட்டி வைப்பார் என்று எனக்குத் தெரியும். அடுத்த முறை போகும்போது நீயே எடுத்துப் பூசிவிடு.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். இவருடைய என்ஜினியர் பட்டத்தை இங்கே முழுதாக ஏற்கவில்லை. இன்னும் சில பாடங்கள் படித்துப் பரீட்சை எழுத வேண்டுமாம். பகலில் ஒரு கந்தோரில் கட்டடப் படம் கீறுகிறார். வேலை முடிந்து வந்ததும் குசினி மேசையில் தர்ஷினி ஒரு பக்கத்தில் வீட்டுப்பாடம் செய்ய, மற்றப் பக்கத்தில் இவர் புத்தகத்தோடு இருப்பார். முதலில் வெட்கப்பட்டார். இப்போது தகப்பனும் மகளும் ஒரே அழிறப்பருக்குச் சண்டை பிடிக்கிறார்கள். மெல்பேர்னில் இருக்கும் கல்யாணசுந்தரத்துக்கும் இதே கதைதான். எங்களோடு படித்து முதல் வகுப்பில் தேறிய மனிதர் மறுபடியும் பரீட்சை எழுதுகிறார். பட்டம் வாங்கியவர்கள் என்று நீ பயப்படுகிற ஆட்களின் சீத்துவம் இதுதான்.

சரி, ஒன்றுகூடலுக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பரமட்டா பார்க்கில் ஆற்றங்கரைப் பக்கமாக ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டோம். நான் காலையில் காய்ச்சிய கூழில் பாதி, போகிற வழியில் காரின் டிக்கிக்குள்ளேயே ஊற்றுப்பட்டுவிட்டது. மீன் மணம் போகட்டும் என்று இவர் இன்னும் கார்க் கண்ணாடிகளைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். கல்யாணசுந்தரம் மெல்பேர்னிலிருந்து மனைவி பிள்ளைகளோடு கார் ஓடி வந்தார். தலைமயிர் எல்லாம் கொட்டிவிட்டது, ஆனால் வாய் அப்படியேதான் இருக்கிறது. இங்கே ஒரு கல்லூரியில் கணிதம் படிப்பிக்கும் வரதராஜாவும் மனைவி செல்வராணியும் வந்தார்கள். பெயர் சொன்னால் உனக்குத் தெரியக்கூடிய இன்னும் சில குடும்பங்களும் வந்தன.

சுவர்ணா வந்தாள். பேராதனையில் ஹில்டா ஹோல் விடுதியில் எங்களுக்குப் பக்கத்து அறையில் இருந்த அதே சுவர்ணாதான். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு தமிழர் கூடுகிற இடத்துக்கு வரச் சிங்களத்தியான அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. காரை விட்டு இறங்காமல் இருந்தாள். நான் போய்க் கதவைத் திறந்து கையைப் பிடித்து இழுத்தேன். மடியில் வைத்திருந்த பால் ரொபி முழுவதும் வெயிலில் இளகி, எங்கள் இரண்டு பேருடைய சேலையிலும் ஒட்டிப்பிடித்தது. அழுதுகொண்டே சிரித்தோம். அவள் தன்னுடைய பழைய அரைகுறைத் தமிழில் முதல் கேட்ட கேள்வி, "யோகா எங்க இருக்கு?" என்பதுதான். நீ வளவுக்குள் நிற்கிற மாட்டைப் போல அவள் கேட்டதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

உன்னுடைய சோக் கணக்கைப் பற்றியும் அவள்தான் கதைத்தாள். பரீட்சைக் காலத்தில் ஹோல் விறாந்தையின் சிவப்புச் சீமெந்து நிலத்தில் நீ முழங்காலில் இருந்து சோக்கால் எழுதிக்கொண்டே போவாய். நாங்கள் சுற்றியிருந்து பார்ப்போம். கணக்கு முடியும்போது குளியலறை வாசலுக்கு வந்துவிடுவாய். காலையில் விடுதி வோடன் வந்து அதில் வழுக்கி விழப்பார்த்து, எங்களை வைத்தே நிலத்தைக் கழுவ வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்த நிலம் இல்லாவிட்டால் தான் தேறியிருக்கவே மாட்டேன் என்று சுவர்ணா எல்லோருக்கும் முன்னால் சொன்னாள்.

சாப்பாடு முடிந்ததும் கல்யாணசுந்தரம் எழுந்து, மனைவியின் கறுப்புக் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, எங்களுக்கு அல்ஜிப்ரா படிப்பித்த சேரைப் போலவே தொண்டையைச் செருமினார். வகுப்பில் பெயர் கூப்பிடுவது போல இடாப்புக் கூப்பிடப் போகிறாராம். அப்போதுதான் தர்ஷினிக்குப் புரொக்சி என்றால் என்னவென்று விளங்கப்படுத்த வேண்டி வந்தது. வகுப்புக்கு வராதவளுக்காக வந்தவள் "பிரசன்ட் சேர்" என்று குரல் கொடுப்பதுதான் புரொக்சி என்றேன். அது பொய்தானே என்று அவள் இங்கிலீசில் கேட்டாள். சிநேகிதம் என்றேன்.

பிறகு உன் கதையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மா அனுப்பிய பனங்காய்ப் பணியாரப் பார்சலை எடுக்க நீ ஸ்ரேசனுக்குப் போன வெள்ளிக்கிழமை! ஒருத்தரை மட்டும் நம்பக்கூடாது என்று எனக்கு ஒரு பக்கமும் சுவர்ணாவுக்கு ஒரு பக்கமும், வரதராஜாவுக்கும் எங்களோடு படித்த அரியரத்தினத்துக்கும் வேறு வேறாகவும் இரகசியமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். உன் பெயரைக் கூப்பிட்டதும் நாலு மூலையிலிருந்தும் நாலு "பிரசன்ட் சேர்". சேர் கொஞ்சமும் அசையவில்லை. மிஸ் யோகராணி இன்றைக்கு நாலு இடத்தில் இருக்கிறார், அதில் இரண்டு இடத்தில் அவருக்குக் கடும் தடிமன் பிடித்துக் குரல் கட்டிவிட்டது போலிருக்கிறது, மருந்து எடுக்கச் சொல்லுங்கள் என்றார். கணக்கில் புலியான நீ செய்த ஒரே ஒரு கணக்குப் பிழை அதுதான். அப்போது நீ பார்சலோடு பின்கதவால் மெல்ல உள்ளே வந்தாய். சேர் உன்னைத் திருப்பி அனுப்பவில்லை, பணியாரத்தில் ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.

யோகா, நீ கேட்டுக்கொண்டபடி உன் பெயரை வெட்டச் சொல்லிக் கல்யாணசுந்தரத்திடம் காலையிலேயே சொல்லியிருந்தேன். அவர் கேளாதவர் போலக் கூழைக் குடித்துக்கொண்டு நின்றார். இப்போது ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். வந்தவர்கள் கைதூக்கிப் பதில் சொன்னார்கள். வராதவர்களுக்கு, சாம்பியா, நைஜீரியா, லண்டன் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். இங்கிலீசு எழுத்து வரிசையில் கடைசிப் பெயர் எப்போதும் உன்னுடையதுதானே. அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டே, "மிஸ் யோகராணி" என்றார்.

நான் வாயைத் திறக்க முதலே சுவர்ணா கத்திவிட்டாள். வரதராஜா அதே தடிமன் குரலில் கத்தினார். நானும் கத்தினேன். உன்னைக் கண்ணாலும் காணாத செல்வராணி கத்தினார், இவர் கத்தினார், பிள்ளைகள் எல்லோரும் துள்ளித் துள்ளிக் கத்தினார்கள். அடுத்த மேசையில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்ன ஏது என்று தெரியாமலே பியர்ப் போத்தலைத் தூக்கி "பிரசன்ட்!" என்றார். கல்யாணசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கியவர் வெகுநேரம் துடைத்துக்கொண்டே நின்றார்.

தர்ஷினி என் சேலையைப் பிடித்து இழுத்து, யோகா அன்ரி பிந்திவிட்டாவா, வருவாவா என்று கேட்டாள். ஓம், கொஞ்சம் பிந்திவிட்டா, வருவா என்றேன்.

இனித்தான் விசயத்துக்கு வருகிறேன். அரியரத்தினம் இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில், பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பிக்கிறார். வரதராஜா அவருக்கு உன்னைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார். நீ முன்பு தேறியவற்றைக் கணக்கில் எடுப்பார்கள், தவறவிட்ட கடைசிப் பரீட்சையை மட்டும் வகுப்புக்குப் போகாமல் வெளிவாரியாக எழுதலாம் என்று பதில் வந்திருக்கிறது. பங்குனி முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் நீயே நேரில் போய்க் கேட்க வேண்டுமாம். "அவவுக்கு வேற ஆரும் வந்து கேட்கேலாது, இந்த முறை புரொக்சி இல்லையெண்டு சொல்லுங்கோ" என்று அவர் எழுதியிருந்ததை வரதராஜா வாசித்துக் காட்டினார்.

வயது போய்விட்டது என்று நீ சொல்லுவாய். முப்பத்தைந்து ஒரு வயதா? என் குசினி மேசைக்கு வந்து பார். ஊர் என்ன சொல்லும் என்றும் நினைப்பாய். உன்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகளுடைய தாய்மார்தானே அந்த ஊர். அவர்கள் உன்னைப் பரீட்சைக்கு வழியனுப்பத் தேங்காய் உடைப்பார்கள். உண்மையில் உனக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். எழுதித் தவறிவிட்டால் என்று பயப்படுகிறாய். தவறினால் தவறட்டும். இவர் போன வருடம் ஒரு பாடத்தில் தவறினார். அன்றைக்கு இறால் குழம்பு வைத்தேன், மூன்று பேரும் சாப்பிட்டோம், மறுநாள் இவர் மறுபடியும் புத்தகத்தைத் திறந்தார்.

வரதராஜா இரண்டு புத்தகங்களைக் கப்பல் தபாலில் அனுப்பிவிட்டார். சுவர்ணா ஒரு பெட்டி சோக் வாங்கி என்னிடம் தந்திருக்கிறாள். யாழ்ப்பாணத்தில் சோக் இல்லையா என்று கேட்டேன். இருக்கும், ஆனால் இது தான் தருகிற சோக், வாயைப் பொத்திக்கொண்டு அனுப்பு என்றாள். கணக்கு எழுத உங்கள் வீட்டு நிலம் போதும். வழுக்கி விழ வோடனும் இல்லை.

தர்ஷினி நேற்றும் கேட்டாள், யோகா அன்ரி வந்தாவா என்று. பிள்ளைக்கு நான் சொன்ன சொல்லைக் காப்பாற்று. பேராதனைக் குறிஞ்சிக்குமரன் உனக்குத் துணையிருப்பான். இது கிடைத்ததும் வருகிற திங்கட்கிழமை காலையிலேயே சைக்கிளை எடு. அரியரத்தினத்தின் அறைக் கதவைத் தட்டு. யாரது என்று அவர் கேட்பார். நாங்கள் எல்லோரும் உனக்காகச் சொல்லிக் களைத்துவிட்டோம் யோகா, இந்த முறை நீயே சொல்லு.

உன் பெயரை வெட்ட மனம் வராத,
சிவனேஸ்வரி