கறுப்பு நூல்மேல் கறுப்பு நூல்

ஜூன் 2, செவ்வாய்

கடைக்கு இன்று ஒரு வங்கி மேலாளர் வந்தார். படிக்கும் அட்டையைக் கையில் கொடுத்தேன். கையை நீட்டினார், நீட்டினார், கை தீர்ந்துபோகும் வரை நீட்டினார். பிறகு, "இப்பல்லாம் அச்சே சரியாப் போடறதில்லைம்மா" என்றார். கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே வசனத்தை எத்தனை ஆம்பளைகள் வாயால் கேட்டுவிட்டேன்! நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வருவது இயற்கை. அதை ஒத்துக்கொள்ளத்தான் இவர்களுக்கு வாய் வராது.

வீட்டில் இவரிடம் நடித்துக் காட்டினேன். வழக்கமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவர், இன்று செடிக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று எழுந்து போய்விட்டார். மழை அப்போதுதான் விட்டிருந்தது.

வில் விஷயம். எங்கள் வில்வித்தைச் சங்கத்துக் கேப்டன் என் பிடியை மாற்றச் சொல்லிவிட்டார். இதுவரை அம்புக்கு மேலே ஒரு விரல், கீழே இரண்டு விரல் வைத்து நாணை இழுத்தேன். இனி மூன்றும் கீழே. அப்படி இழுத்தால் அம்பு உட்காரும் இடத்தையும் நாணில் கொஞ்சம் மேலே ஏற்றவேண்டும். அந்த இடத்தில் முடிச்சுப் போட நூல் தேடுகிறேன். தையல் நூல் பிசிறு விடுகிறது. நைலான் வழுக்குகிறது. பட்டு நூல் பார்க்க அழகு, ஆனால் மெல்லிசு. சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்துவிடும். எங்கள் சங்கத்துப் பல் டாக்டர் பல்லிடுக்கில் விட்டுச் சுத்தம் செய்கிற நூலால் கட்டுகிறாளாம். வெள்ளை வெளேரென்று. வாய்க்குள் போகிற நூலை வில்லில் கட்டுவாளா ஒருத்தி?

ஜூன் 4, வியாழன்

செருப்புத் தைப்பவரிடம் கெஞ்சி ஒரு முழம் மெழுகு நூல் வாங்கி வந்தேன். கறுப்பு. நாணின் நடுவில் சுற்றியிருப்பதும் கறுப்பு. முடிச்சு இருப்பதே தெரியக் கூடாது, அப்போதுதான் வில்லுக்கு அழகு.

நாணில் எப்போதும் இரண்டு முடிச்சு. நடுவில் அம்பின் வால் மாட்டும் அளவுக்கு இடைவெளி. அரை அரிசி நகர்ந்தால் அம்பு வேறு ஊருக்குப் போய்விடும். எனக்கு அதிர்ஷ்டம், ஏற்றவேண்டிய உயரம் சரியாக ஒரு அம்பு வால் அளவுதான். பழைய இரண்டுக்கும் மேலே புதிதாக ஒன்று கட்டினால் போதும். பழைய மேல் முடிச்சு இனி கீழ் முடிச்சாகிவிடும். அடியில் இருக்கிறது வேண்டாதது. புதுப் பிடி எனக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு அதை அறுக்கலாம் என்று விட்டு வைத்திருக்கிறேன்.

நூல் நுனியை உள்ளே செருக ஊசி வேண்டியிருந்தது. கோத்துக் கொடுங்கள் என்றேன். வருஷக்கணக்காக எனக்கு ஊசி கோத்துக் கொடுப்பவர் இவர்தான், அதில் ஒரு பெருமையும் உண்டு. இன்று, "நீயே கோத்துக்க, எனக்கு வேலை இருக்கு" என்றார். என்ன வேலை? டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டி முடித்து நாணை மூஞ்சிக்கு நேரே நீட்டி, சரியா இருக்கா பாருங்க என்றேன். "பிரமாதம்" என்றார். சங்கத்தில் எல்லார் வில்லையும் சோதிப்பவர் இவர்தான், ஆகவே நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை தேர்வு. இவரையும் சேர்த்து ஐந்து பேர் எய்கிறோம், நாலு பேர் போட்டிக்குப் போவார்கள். போன வருஷம் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். இந்த வருஷம் முடியாது.

ஜூன் 7, ஞாயிறு

நடந்ததை எழுதித்தான் தீருவேன்.

மைதானத்து மேஜையில் ஒவ்வொருவராக வில்லைக் கொடுத்தோம். இவர் எப்போதும்போல நாணின்மேல் விரலை ஓட்டினார். கண்ணால் பார்க்காமலே சொல்லிவிடுவார் என்று எல்லாருக்கும் ஒரே பிரமிப்பு. என் வில்லில் விரல் நின்றது. திரும்ப ஓட்டினார். "மூணு இருக்கு" என்றார். மெதுவாகவா சொன்னார்? டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாராக இருந்து பழகிய குரல், மைதானம் முழுக்கக் கேட்டது.

அடியில் இருப்பது பழசு, இதோ அறுத்துவிடுகிறேன் என்றேன். விட்டாரா? கூடுதலாக ஒரு முடிச்சு இருந்தால் அது அடையாளமாம், தூரத்துக்குத் தகுந்தபடி விரலை இறக்கிப் பிடிக்க உதவுமாம். எனக்கே பாடம். கடைசியில், "அது ஏமாத்து" என்றார்.

ஏமாத்து. என்னைப் பார்த்து. எல்லார் முன்னாலும். கட்டின புருஷன்.

பிளேடை எடுத்தார், ஒரு முடிச்சை அறுத்தார், பிசிறை ஊதினார், வில்லை நீட்டினார். நான் பிடுங்கிக்கொண்டு நடந்துவிட்டேன். முதல் அம்பே வில்லில் அம்பு தங்கும் தட்டில் டப்பென்று இடித்து எகிறிப் போனது. இரண்டாவதும் அப்படியே. எது விட்டாலும் பலகையின் மேல் விளிம்பில். ஐந்து பேரில் ஐந்தாவது நான். பல் டாக்டர் என்னைத் தாண்டிப் போய் நாலாவது.

கோபத்தில் எய்தால் இப்படித்தான் என்று ஆளாளுக்கு அறிவுரை. வரும் வழியில் காரில் இவரும், "கையை அவசரமா விட்டுட்ட" என்றார்.

அதெல்லாம் போகட்டும். வியாழக்கிழமை நீட்டிக் காட்டினேனே. பிரமாதம் என்றாரே. அன்றைக்கும் மூன்றுதானே இருந்தது? வீட்டில் சொல்லியிருந்தால் நானே அறுத்திருப்பேன். நாலு பேர் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தாரா? சொந்தப் பெண்டாட்டியையே விடமாட்டார், அவ்வளவு நேர்மையானவர் என்று பேர் வாங்கவா? அதற்கு என் மானமா கிடைத்தது?

ஜூன் 8, திங்கள்

பேசவில்லை. டீயை ஊற்றி மேஜைமேல் வைத்தேன். ஆறிய பிறகு குடித்தார். குடிக்கட்டும்.

ஜூன் 9, செவ்வாய்

மகள் விடுதியிலிருந்து போன் செய்தாள். அதற்குள் அப்பா புராணம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. "ரூல்னா ரூல்தானேம்மா, அப்பா பாவம்" என்கிறாள். பெற்றவள் நான், பாவம் அவரா? போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 10, புதன்

பல் டாக்டர் கடைக்கு வந்தாள். மூக்குக்கண்ணாடியின் கால் தளர்ந்துவிட்டதாம். முறுக்கிக் கொடுத்தேன், சிரிக்கவில்லை. அவள் பையிலிருந்து பல் நூல் டப்பா ஒன்றை எடுத்து வைத்து, "அக்கா, இது மெழுகு போட்டது. நகரவே நகராது, ஒருவாட்டி கட்டிப் பாருங்க" என்றாள். அந்தப் பெண்ணை வெறுக்கக்கூட விடமாட்டேன் என்கிறாள். டப்பாவை இழுப்பறையில் தள்ளினேன்.

ஜூன் 11, வியாழன்

இன்று அரை நாள் விடுப்பு. கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது, வில்லை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டேன். அளவுகோலை நாணில் மாட்டி உயரம் பார்த்தேன். அம்பு உட்காரும் இடம் ஒரு அம்பு வால் கீழே இருப்பதாகக் காட்டியது. அளவுகோல்தான் நழுவுகிறது என்று திரும்ப மாட்டினேன். அதே அளவு.

கடையில் லென்ஸ் பார்க்கும் பூதக்கண்ணாடி பையில் இருந்தது. அதை வைத்துப் பார்த்தேன். வேண்டாத முடிச்சு அடியில் கல்லுப்போல உட்கார்ந்திருக்கிறது. போன வியாழக்கிழமை நான் கட்டிய புது முடிச்சு இல்லை! அது இருந்த இடத்தில் கறுப்பு நூல் பிசிறு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த மனுஷன் மேல் முடிச்சை அறுத்திருக்கிறார்.

இரண்டு முடிச்சு இருந்தது, நடுவில் இடைவெளி இருந்தது, அம்பு 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. நான் ஏன் சந்தேகப்படப் போகிறேன்? பழைய இடத்தில் அம்பை மாட்டிப் புதுப் பிடியில் இழுத்தால் அது தட்டில் இடித்து எகிறாமல் என்ன செய்யும்? கோபமாம். அவசரமாம். ஏன்டாப்பா, என் கை ஒழுங்காகத்தான் விட்டது!

இவர் வரும்வரை கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன். கேட்க நினைத்த கேள்வி ஒன்று. ஆனால் உள்ளே வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் கிடந்த மின்கட்டணச் சீட்டை எடுத்தார். கையை நீட்டினார். நீட்டினார். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஊசி. பிரமாதம். விரலால் தடவிப் பார்ப்பது.

கடையிலிருந்து கொண்டுவந்திருந்த அட்டை பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன். "படிங்க."

வாங்கவில்லை.

"எவ்வளவு நாளா?"

"போன வருஷத்துலேர்ந்து" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "தூரத்துல எல்லாம் நல்லாத்தான் தெரியுது."

தெரியும். அடுத்த தெருவில் வரும் பஸ் நம்பரைப் படித்துச் சொல்வாரே, அதில்தான் நானும் ஏமாந்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லலை? நான் வேலை பாக்கறதே கண்ணாடிக் கடையில."

"அதனாலதான்" என்றார். "தினமும் வந்து நடிச்சுக் காட்டறியே. நாளைக்கு என்னையும் அங்க போய் நடிச்சுக் காட்டுவ."

ஜூன் 12, வெள்ளி

தூக்கம் போச்சு, கோபம் இரண்டு பங்காகிவிட்டது. நான் கேலி செய்தது வாடிக்கையாளர்களை. இவர் எப்போது வாடிக்கையாளர் ஆனார்? ஒரு வருஷமாக மருந்து அட்டை, பால் பாக்கெட் தேதி எல்லாவற்றையும் தடவியா படித்தார்? என்னிடமே ஒளித்திருக்கிறார். கூடவே இருந்தும் கண்டுபிடிக்காத நான் என்ன கண்ணாடிக் கடைக்காரி! இந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது?

ஆனால் ஏமாத்து என்றது மன்னிக்கிற வார்த்தை இல்லை. அதை இன்று சொல்லிவிட்டேன். மைதானத்தில் எல்லார் காதிலும் விழச் சொன்னீர்கள், எல்லார் காதிலும் விழத் திருப்பி எடுங்கள், நான் போய்ச் சொல்லமாட்டேன் என்றேன். அந்தப் பல் டாக்டர் பெண் சந்தோஷமாக இருக்கிறாளே, இப்போது போய்க் கலைக்கவேண்டுமா என்று இழுத்தார். என் சந்தோஷம் என்ன தெருவிலா கிடக்கிறது?

ஜூன் 14, ஞாயிறு

வில்லை எடுக்காமல்தான் மைதானத்துக்குப் போனேன். இவர் சோதனை மேஜைக்குப் போனார், சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்தார். என்னுடையது! நான் வீட்டில் போடும் பழைய ரோஸ் ஃபிரேம், ஒரு பக்கம் பசை வைத்து ஒட்டியது. அதை மாட்டிக்கொண்டு எல்லாரையும் கூப்பிட்டார்.

"போன வாரம் இவ ஏமாத்தலை. கிட்டத்துல எனக்குக் கண்ணு தெரியாது. கறுப்பு நூல்மேல கறுப்பு நூல் தெரியாம, அறுக்க வேண்டியதை விட்டுட்டு வேற முடிச்சை அறுத்துட்டேன். தப்பு என்னோடது."

யாரோ ரோஸ் கண்ணாடியைப் பார்த்துக் களுக்கென்றார்கள். நான் திரும்பி முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டார்கள். என் வீட்டு மனுஷனைப் பார்த்துச் சிரிக்க இவர்கள் யார்?

பல் டாக்டர்தான் முதலில் பேசினாள், தனக்கு இப்படிக் கிடைத்த இடம் வேண்டாம், திரும்ப எய்வோம் என்று. கேப்டன் யோசித்தார். சோதனையே கோளாறு என்றால் மொத்தத் தேர்வும் செல்லாது, அடுத்த ஞாயிறு ஐந்து பேரும் மறுபடி எய்யவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஐந்து பேரில் இவரும் ஒருவர். போன வாரம் இரண்டாவதாக வந்தவர்.

வரும் வழியில் நான்தான் முதலில் பேசினேன். சிக்னல் பச்சை என்றேன். தெரியுது என்றார்.

ஜூன் 20, சனி

இழுப்பறையிலிருந்து பல் நூலை எடுத்தேன். பழைய முடிச்சு எல்லாவற்றையும் அறுத்துவிட்டு முதலிலிருந்து அளந்தேன். கறுப்பு நாணில் வெள்ளை முடிச்சு, கல்யாண வீட்டில் மாட்டிய லைட்டு மாதிரி தெரிகிறது. அழகில்லை. யாருக்கும் தெரியாமல் போகாது.

கேட்காமலே இவர் வந்து எதிரே உட்கார்ந்தார். புதுக் கண்ணாடி, நான் பவர் பார்த்துப் போட்டுக் கொடுத்தது. ஊசியை எடுத்தார், நூலை நாக்கில் நனைத்தார், ஒரே குத்தில் கோத்தார். எனக்கு முன்னால் நீட்டிக்கொண்டு அந்தப் பழைய பெருமையோடு உட்கார்ந்திருந்தார். வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 21, ஞாயிறு

என் வில்லைக் கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டி, குனிந்து பார்த்தார். "ரெண்டு" என்றார். விரலால் தொடவே இல்லை.

நான் மூன்றாவது. பல் டாக்டர் நாலாவது. ஐந்தாவது இவர்.

கேப்டனிடம் சண்டைக்குப் போனேன். வாரம் பூராவும் ஊர் சிரித்தால் யாருக்குத்தான் கை நிற்கும், அவராக ஒத்துக்கொண்டதற்கு இதுதான் மரியாதையா என்று கேட்டேன். இவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "விடு, கையை அவசரமா விட்டுட்டேன்" என்றார். அந்த வாக்கியத்தை இவர் தன்னைப் பற்றியே சொல்லக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. இப்போதும் ஆறவில்லை.

ஜூன் 23, செவ்வாய்

கடையில் ஒருவர். கையை நீட்டி நீட்டி, எழுத்தைச் சின்னதாக அடித்துவிட்டார்கள் என்றார். ஆமாம் சார், சின்னதாகத்தான் அடிக்கிறார்கள், இதைப் போட்டுப் பாருங்கள் என்றேன்.

வீட்டில் வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே இவர், "இன்னைக்கு யாரும் வரலையா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். "பொய்" என்றார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தட்டைத் தூக்கி, கையை நீட்டி நீட்டி, சோற்றை உற்றுப் பார்த்து, "இப்பல்லாம் அரிசியே சரியா வேகறதில்லைம்மா" என்றார்.