வாசலில் அடுக்கிய கரி

தாதோங்,
புத்தாண்டுக்கு முந்தைய வாரம்

அன்பு மகன் மாவ்ஷெங்குக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம். குவாங்தொங்கில் பனி விழாது என்றாலும் காதை மூடிக்கொள்.

கிணறு அடியோடு வற்றிவிட்டது. நம் ஷான்ஸி கரியில்தான் நாடே குளிர்காய்கிறது என்று வானொலியில் பெருமையாகச் சொன்னார்கள். தோண்டித் தோண்டி ஊருக்கு அடியில் ஒன்றுமில்லை. சமையலறைச் சுவர் வெடிப்பில் இப்போது என் கை நுழைகிறது. தண்ணீருக்கு லாரிதான். சோளக்காடி இந்த முறை நன்றாகப் புளித்திருக்கிறது. சாப்பிடுகிறோம்.

நேற்று வழக்கம்போல, புத்தாண்டு இரவில் கொளுத்த வாசலில் கரிக்கட்டிகளைக் கோபுரமாக அடுக்கினேன். பெரிய கட்டிகள் அடியில், உச்சியில் சிவப்புத் தாள். பக்கத்து வீட்டு ஹாவ் அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பா வந்து, "என்ன பண்றே நீ? சாவு விழுந்த வீட்ல இந்த வருஷம் நெருப்பு மூட்டுவாங்களா?" என்றார். அப்போதுதான் நினைவு வந்தது. உன் அண்ணன் மாவ்லின் சுரங்கத்தில் செத்துப்போனதை நான் மறந்திருக்கிறேன். பெற்றவள் மறந்திருக்கிறேன். அழுகைகூட வரவில்லை. அப்பா ஒவ்வொரு கட்டியாகத் தூக்கிக் கொட்டகையில் வைத்தார். நான் தூளைக் கூட்டினேன்.

உன் கடிதம் கிடைத்தது. தொழிற்சாலையை விட்டுவிட்டு, அண்ணன் இடத்தில் சுரங்க வேலைக்குச் சேர வருவதாக எழுதியிருக்கிறாய். சுரங்க மேஸ்திரியும் ஆப்பிள் பையோடு வந்து, "தம்பிக்குன்னே இடத்த வெச்சிருக்கேன் அண்ணி, வயசான காலத்துல உங்களுக்கும் துணையாச்சு" என்று தேன் ஒழுகப் பேசினார். ஆப்பிளை நான் தொடவில்லை. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்குச் சம்மதம் என்று அர்த்தம்.

உன் கொள்ளுத்தாத்தா பஞ்சத்தில் பெருஞ்சுவர் வாயிலைத் தாண்டி மங்கோலியாவுக்கு நடந்தே போனார். பெற்றவர்களை விட்டுப் போகிறான் பாவி என்று ஊரே ஏசியதாம். அவர் கம்பளி விற்றுப் பிழைத்தார். பெற்றவர்களோடு இருந்த தம்பிகள் பட்டினியில் போனார்கள். நம் வம்சம் அந்தப் பாவியின் வம்சம்தான்.

ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டாவது வந்துவிடு என்று வருஷா வருஷம் எழுதுவேன். இந்த வருஷம் வராதே. அப்பா கூப்பிட்டாலும், எனக்கு உடம்பு முடியவில்லை என்று யார் தகவல் சொன்னாலும் வராதே. அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொள். உன் கையில் கரி படாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும்.

பிள்ளை எங்கே என்று கேட்டால், தூரத்தில் இருக்கிறான் என்று சொல்ல எனக்கு ஒருவனாவது வேண்டும்.

உன் அம்மா