உன் கடையில் நான் நின்ற மூன்று மாதம்

இன்று காலை தோட்டத்தின் மேல் டிவிசனில் ஒரு கல்யாணப் பெண்ணுக்குக் கொண்டை போட்டு முடித்து ஸ்பிரே அடித்தேன். ஜன்னல் வழியாக வந்த காற்று அந்த வாசத்தை என் முகத்துக்கே திருப்பிவிட்டது. கேகாலையில் நாம் இரண்டு பேரும் பியூட்டி கல்ச்சர் படித்த அறையின் வாசம் அது. புளத்கொகுபிட்டிய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்த உன் சலூனின் வாசமும் அதுதான். கண் எரிகிறது என்று பெண்ணின் அம்மாவிடம் சொல்லிவிட்டு வாசலில் வந்து நின்றேன். நீ போய் ஏழு மாதமாகிறது. உன்னிடம் பேச வேண்டியதை இனி எழுதத்தான் முடியும்.

அந்தக் கோர்ஸ் முழுக்கச் சிங்களத்தில்தான் நடந்தது. எனக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் அப்போது சிங்களம் வரும். நீ பக்கத்தில் உட்கார்ந்து காதுக்குள்ளே தமிழில் சொல்லிக்கொண்டே இருப்பாய். பழகிப் பார்க்க வேறு தலை கிடைக்காமல் என் தலையில் நீயும் உன் தலையில் நானும் மாறி மாறிக் கை வைத்தோம். படித்து முடித்ததும் ஆளுக்கொரு மேக்கப் பெட்டியோடு கல்யாணங்களுக்குச் சேர்ந்தே போனோம். கோயில் கல்யாணம் என்றால் சடை பின்னுவது நான். சர்ச் கல்யாணம் என்றால் தலைக்கு நெட் வைப்பது நீ. யார் பெரியவள், யார் சின்னவள் என்ற பேச்சே நமக்குள் வந்ததில்லை.

நீ சலூன் திறந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தாய். பையில் மீன் வைத்த மாலுபான் சூடாக இருந்தது.

"இந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டு மலை மலையா ஏறுனது போதும்டி. என் கடைக்கு வந்துரு."

"கூட்டா நடத்தவா?" என்று கேட்டேன்.

நீ பையை மடியில் வைத்துக்கொண்டாய். "இல்லடி. கடை என் பேர்லயே இருக்கட்டும். நீ வேலைக்கு வா. மாசாமாசம் சம்பளம் வரும், அலைச்சல் இல்ல."

என் அம்மாவும், அவளுடைய அம்மாவும் விடிந்தால் தோட்டத்தில் ஆள் எண்ணும் பெரட்டில் போய் நின்றவர்கள். அங்கே கங்காணி பேர் கூப்பிட்ட பிறகுதான் அவர்களுக்கு அன்றைய நாளே தொடங்கும். எங்கள் வீட்டில் பெரட்டில் நிற்காமல் பிழைத்த முதல் பெண் நான். அந்தப் பெட்டிதான் என் தொழில், அதற்கு நான்தான் முதலாளி. இதையெல்லாம் உன்னிடம் சொன்னேன். உனக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்ப நான் என்ன, உனக்குக் கங்காணியா?" என்றாய்.

அன்றைக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். ஆனால் அந்த வருசம் ஆடி மாதமும் விடாத மழையும் சேர்ந்து வந்தன. கல்யாணங்கள் தள்ளிப் போயின. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லாமல் என் வீட்டுக்காரரும் வீட்டில் இருந்தார். ஒரு திங்கட்கிழமை பெட்டியோடு உன் மாடிப்படி ஏறினேன். நீ ஒன்றுமே கேட்காமல் எனக்கு ஒரு ஏப்ரனைக் கொடுத்தாய்.

மூன்று மாதம் நின்றேன். மற்றப் பிள்ளைகள் உன்னை மிஸ் என்று கூப்பிட்டார்கள். நான் மட்டும் "அடியே" என்றால் நன்றாக இருக்காது. அதனால் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே நாளைக் கழித்தேன். ஒரு நாள் ஒரு சிங்களப் பெண்ணுக்கு ஒசரி என்ற கண்டிச் சேலையை உடுத்திவிட்டேன். நீ வந்து என் கையை விலக்கி, மடிப்பை அவிழ்த்துத் திரும்ப மடித்துக்கொண்டே, "நங்கிக்கு இன்னும் பழக்கம் போதாது" என்று சிரித்தபடி சிங்களத்தில் சொன்னாய். ஒரே வயசுக்காரியான நான் உனக்கு அன்றைக்குத் தங்கச்சியாகிவிட்டேன்.

கடை சாத்தும்போது கேட்டேன். "கஸ்டமர் முன்னால அப்படித்தான்டி பேசணும். இல்லாட்டி திரும்ப வரமாட்டாங்க" என்றாய்.

"கஸ்டமர் போன பிறகு?"

நீ தரையில் கிடந்த முடியைக் கூட்டினாய். நான் ஏப்ரனை மடித்து நாற்காலியில் வைத்தேன். "நாங்க பழையபடி கூட்டாளியாவே இருந்துக்குவோம். வேலைக்கு வேற ஆளப் பாத்துக்க" என்றேன்.

"கூட்டாளின்னா ஒண்ணா நிக்கிறதுதானேடி?" என்றாய். படியில் பாதி இறங்கியிருந்த நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மடிப்பு உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது. அதை இன்றைக்குத்தான் உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன்.

பிறகும் பேசிக்கொண்டோம். கிறிஸ்மஸுக்குக் கேக் அனுப்பினாய், தீபாவளிக்கு முறுக்கு அனுப்பினேன். கடையைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அப்படி இருக்கும்போதுதான் உனக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. மஹரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டாவது தடவை மருந்து ஏற்றி வந்த பிறகு என்னைக் கூப்பிட்டாய். அது பௌர்ணமிப் போயா நாள், கடைக்கு லீவு. கதவை உள்ளே பூட்டிவிட்டு, கஸ்டமர் உட்காரும் நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தாய். தலையணை எல்லாம் முடியாக வருகிறது என்றாய்.

"தானாக் கொட்ட விடக்கூடாதுடி. நீ வெட்டிரு."

கேகாலையில் நான் வெட்டிப் பழகிய அதே தலை. கத்தரியை வைத்து வெட்டத் தொடங்கினேன். நீ கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. முடி மடியில் விழ விழ அதைப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தாய். முடித்த பிறகு தலையைத் தடவிப் பார்த்து, "பின்னால ஒரு பக்கம் ஏத்தமா இருக்கு, சரி பண்ணு" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பை நிறுத்தத் தெரியவில்லை, அழுகையையும் நிறுத்தத் தெரியவில்லை.

"நான் சுகமாகி வர்ற வரைக்கும் நீ வந்து கடையில நில்லு" என்று அப்போது கேட்டாய். "யாரும் ஒன்ன ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நான்தான் இருக்கமாட்டேனே."

"கையில மூணு கல்யாணம் இருக்குடி. முடிச்சிட்டு வாறேன்" என்றேன்.

மூன்று கல்யாணம் இருந்தது உண்மைதான். வேறு ஆள் பார்த்துக் கொடுத்திருக்கலாம். அந்தப் படியில் மறுபடி சம்பளக்காரியாக ஏற எனக்கு மனசு வரவில்லை. நீ அதைக் கண்டுபிடித்தாயோ என்னவோ, "சரி, முடிச்சிட்டு வா" என்று மட்டும் சொன்னாய்.

மூன்றாவது கல்யாணத்தன்று பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கும்போது உன் வீட்டுக்காரர் எனக்குப் போன் எடுத்தார். "தங்கச்சி, ஏலுமெண்டா இப்பவே வாங்க" என்றார். நான் வந்தபோது நீ வார்டில் கண் மூடிக் கிடந்தாய். உன் கையைப் பிடித்து, "நாளைக்கே கடைக்குப் போறேன்டி" என்றேன். உனக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. இரண்டு நாளில் நீ போய்விட்டாய். உனக்குக் கடைசிச் சாரி உடுத்திவிட்டதும், தலைக்கு வெள்ளை நெட் வைத்ததும் நான்தான். மடிப்பை நான்கு தடவை அவிழ்த்து அவிழ்த்து மடித்தேன். போதும் என்று உன் அம்மா கையைப் பிடித்த பிறகுதான் விட்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உன் வீட்டுக்காரர் வந்தார். "நீங்களே கடைய எடுத்து நடத்துங்க தங்கச்சி. இல்லாட்டி நான் நடத்துறேன், நீங்க வந்து நில்லுங்க. எது சரிண்டு சொல்லுங்க." சொந்தமாக எடுத்தால் நீ சாவதற்குக் காத்திருந்தவள்போல ஆகிவிடும். வேலைக்குப் போனால், நீ கேட்டபோது போகாதவள் இப்போது எந்த முகத்தோடு போவது? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவே முடியவில்லை. கட்டடக்காரர் எத்தனை மாதம் பொறுப்பார்? போன் கடை வைக்க வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

போன கிழமை சாமான்களை எடுக்க நானும் போனேன். உன் வீட்டுக்காரர் கண்ணாடிகளைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். அப்போது படியேறி ஒரு சிங்கள டீச்சர் வந்தார். கொழும்பில் மகள் வீட்டில் இத்தனை மாதம் இருந்தாராம், அவருக்கு எதுவும் தெரியாது.

"மிஸ் நெத்த?" மிஸ் இல்லையா என்று கேட்டார்.

உன் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் சொன்னேன். அந்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். உன்னிடம்தான் எப்போதும் முடி வெட்டிக்கொள்வேன் என்றார். ஏன் என்று தெரியவில்லை, நான் சீப்பை எடுத்தேன். கண்ணாடி இல்லாத சுவரைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருக்க, நான் வெட்டினேன். கிளம்பும்போது, "கடை யாருடையது இப்போ?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"அபே" என்றேன். எங்களோடது.

நீ இருந்த காலமெல்லாம் "உன் கடை" என்றுதான் என் வாயில் வந்தது. டீச்சர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். பின்னேரம் நாற்காலிகளை லொறியில் ஏற்றினோம். இப்போது மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறேன். என் தொழில், நானே முதலாளி. ஆனால் உன் மடியில் மாலுபான் பை இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்க வேண்டிய அந்த "அபே" என்ற ஒரு சொல், கேட்க ஆளில்லாமல் என்னிடமே தங்கிவிட்டது.