நானூற்றுப் பன்னிரண்டு பச்சை

ஜூன் 9, 2025, திங்கள்

ரம்ஷா பக்ரீத் பிரியாணி கொண்டுவந்து ஆபீசையே மணக்க வைத்துவிட்டாள். திங்கட்கிழமை நான் கறி தொடமாட்டேன் என்று தெரிந்து எனக்கு மட்டும் ஒரு டப்பா தம்ரூட் இனிப்பு. இந்தப் புள்ளைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். மாசக் கடைசியில் அவளுக்கு வேலை நிரந்தரமாகிறது. எனக்கு டீம் லீட் பதவி. மேனேஜர் கதிர்வேல் சார் வாயாலேயே சொல்லிவிட்டார்.

வீட்டில் மாமியார் மறுபடியும் கேட்டார்: "அம்மணி, பீளமேட்டுல உக்காந்து அப்படி என்னதான் பண்ற?"

"ஓடுற புரோகிராமை நடுவுல நிறுத்தி, உள்ள என்ன எண் இருக்குதுன்னு காட்டுற கருவி ஒண்ணு இருக்குதுங்க அத்தை. டீபக்கர்னு பேரு. ரம்ஷா மாதிரி ஆளுங்க அதை எழுதறாங்க. அதுக்குக் கட்டளை குடுத்து, வந்த பதிலும் வரவேண்டிய பதிலும் ஒண்ணான்னு பாக்கற சோதனையை நான் எழுதறேன். அப்புறம் அது தினமும் தானா ஓடும். சரியா இருந்தா பச்சை, இல்லீன்னா சிவப்பு."

"தானா ஓடறதுக்கு உனக்கெதுக்குச் சம்பளம்?"



ஜூன் 11, புதன்

சூலூரிலிருந்து ஒரு மெயில். நரசிம்மலு என்ற இன்ஜினியர், விசைத்தறிக்குக் கண்ட்ரோலர் செய்கிற கம்பெனி. நூல் அறுந்தால் தறி நிற்க வேண்டும், நிற்கவில்லை. மூன்று வாரமாக எங்கள் டீபக்கரை வைத்துத் தேடியிருக்கிறார். தப்பு ஓரிடத்தில் இருக்க, எங்கள் கருவி வேறிடத்தைக் காட்டியிருக்கிறது. எண் மாறுவதைக் கவனித்துச் சொல்லவேண்டிய 'வாட்ச்' என்ற கட்டளை பழைய எண்ணையே சொல்கிறது. ஆறு ஆன பிறகும் ஐந்து என்கிறது.

வாட்ச், ரம்ஷா எழுதியது. கதிர்வேல் சார் எல்லார் முன்னாடியும், "அந்தப் பொண்ணை நிரந்தரம் பண்றதை யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

ஆனால் அந்தக் கட்டளைக்கு என்னிடம் ஒரு சோதனை இருக்கிறதே. அது எப்படிப் பச்சை?

ஜூன் 12, வியாழன்

பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

பிப்ரவரியில் திரையில் வரும் வரிகளின் இடைவெளியை மாற்றினார்கள். அன்று ஒரே மூச்சில் நானூற்றுப் பன்னிரண்டு சோதனை சிவப்பு. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவேண்டியது என் வேலை. முப்பது பார்த்தேன், எல்லாம் வெறும் இடைவெளி. மிச்சத்துக்கு ஒரே கட்டளை கொடுத்தேன்: வந்த பதிலையே வரவேண்டிய பதிலாக எழுதிவிடு. அரை நிமிஷம். மொத்தமும் பச்சை. டீ குடிக்கப் போய்விட்டேன்.

ரம்ஷா அப்போதுதான் மாற்றி எழுதியிருந்த வாட்சும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறது. வரவேண்டியது 6 என்று நான் கையால் எழுதி வைத்திருந்த இடத்தில் இப்போது 5. மாற்றியவர் பெயர்: பிரவீனா. நானேதான்.

அட கடவுளே, என்ன பண்ணிப்போட்டேன்! நாலு மாசமா தப்பைச் சரி, சரின்னு சொல்லிட்டு இருந்திருக்குது என்ர சோதனை.

மத்தியானம் ரம்ஷா கண் சிவந்து வந்தாள். "பச்சையா இருந்துச்சுன்னு நம்பித்தான்க்கா அனுப்புனேன். எனக்கு இந்த வேலை வராது போல."

நான் என்ன செய்தேன்? முதுகில் தட்டிக்கொடுத்தேன். சீ.

ஜூன் 13, வெள்ளி

சொல்லவில்லை. என் லீட் ஆர்டர் கையெழுத்துக்குப் போயிருக்கிறதாம். பழைய பதிவை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

சொல்லிவிட்டேன்.

கதிர்வேல் சார் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்புறம், "யாருமே கேக்கலையேங்க, இப்ப எதுக்கு?" என்றார்.

"அந்தப் புள்ளை போயிருமுங்க சார்."

"அவ எழுதுனதுலயும் தப்பு இருக்குதில்லீங்க?"

"இருக்குதுங்க. அதைப் புடிக்கத்தானுங்களே சோதனை? அது அன்னைக்கே சிவப்புக் காட்டுச்சு. நாந்தான் பாக்காம வாயை அடைச்சுப்போட்டேன்."

லீட் இப்போதைக்கு இல்லை என்றார். பெருந்தன்மையாக எழுதிவைக்க ஆசைதான். முடியவில்லை.

ரம்ஷாவிடமும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "நாலு நாளா எனக்கு மூளையே இல்லைன்னு நெனச்சுட்டு இருந்தேன். நீங்க தட்டிக்குடுத்தீங்க." எழுந்து போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

ஜூன் 17, செவ்வாய்

நரசிம்மலுவுக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "சரியா இருந்த வரியை நாலு தடவை மாத்தி எழுதுனேனுங்க. கண்ணுலதான் கோளாறுன்னு கண்ணாடியைக்கூட மாத்திட்டனுங்க" என்று சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 1, செவ்வாய்

ரம்ஷாவுக்கு நிரந்தரம் ஆகிவிட்டது. எல்லோர் மேசைக்கும் போய் இனிப்பு கொடுத்தாள். என் பங்கு பக்கத்து மேசைக்காரர் வழியாக வந்தது. தின்றேன்.

ஜூலை 14, திங்கள்

புது விதி. வரவேண்டிய பதிலை, சோதனையை ஓட்டிப் பார்க்கும் முன்பே கையால் கணக்குப் போட்டு எழுதவேண்டும். இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். எனக்குக் கையெழுத்துப் போடும் ஆள், ரம்ஷா. கதிர்வேல் சார் வேண்டுமென்றே செய்தாரோ?

ஆகஸ்ட் 6, புதன்

இன்று நான் அனுப்பிய பதினொரு சோதனையில் இரண்டை ரம்ஷா திருப்பிவிட்டாள். காரணமும் எழுதவில்லை, 'மறுபடி பார்க்கவும்' மட்டும். பத்து வருஷ சர்வீஸ் எனக்கு, சுருக்கென்றது. கோபத்தோடேயே பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒன்றில் நான் தப்பு. இன்னொன்றில் அவள் தப்பு.

என் தப்பைத் திருத்தி முதலில் அனுப்பினேன். பிறகுதான் பேப்பரோடு அவள் மேசைக்குப் போனேன். அவள் ஏறிட்டுப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் கிடந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"உக்காருங்க. எங்க தப்புன்னு காட்டுங்க."